வெளிநாட்டுக் குடியுரிமை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் விண்ணப்பம் நிரப்பித் தருவதும், பழைய பதிவேடுகளைத் தேடி நகல் வாங்கித் தருவதும் என் பிழைப்பு. பிள்ளைகள் டல்லாஸிலோ மெல்போர்னிலோ இருப்பார்கள். கேள்வியோடு என் மேசைக்கு வருவது பெரும்பாலும் அப்பா அம்மாதான். அந்த நாட்டுக்காரன் என்ன கேட்பானோ என்ற பயம்தான் எல்லோருக்கும். அவன் கேட்பது எல்லாம் விதியாக எழுதி வைத்திருக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஆளை அலைய வைப்பது நம்ம ஊர்க் காகிதமும் நம்ம ஊர் நிலமும். அதனால் என் பதில்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வெளிநாட்டு விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணாச்சி, பையனுக்குத்தான் பி.ஆர். இருக்கே. அப்புறம் குடியுரிமை எதுக்கு?

பி.ஆர். (நிரந்தர வசிப்பு) என்பது அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதி. அமெரிக்காவில் அதற்குத்தான் கிரீன் கார்டு என்று பெயர். அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து நீண்ட நாள் உட்கார முடியாது. அமெரிக்க கிரீன் கார்டுக்காரர் 6 மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக வெளியே இருந்தால் ‘தொடர்ந்து வசித்தீர்களா’ என்ற கேள்வி வரும். ஒரு வருஷம் தாண்டினால் குடியுரிமைக்கான கணக்கே அறுந்துபோகும். சிங்கப்பூர் பி.ஆர். வைத்திருப்பவர் வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதியைக் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியுரிமை வந்துவிட்டால் இந்தக் கவலைகள் இல்லை. ஓட்டுப் போடலாம், அந்நாட்டு அரசு வேலைக்கும் போகலாம்.

ஆனால் நம்ம பக்கத்தில் பலரைத் தள்ளுவது வேறொரு காரணம். அமெரிக்காவில் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போட, பிள்ளை 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கிற பிள்ளையால் அது முடியாது. வயதான காலத்தில் அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் நினைத்தால், முதலில் அவன் குடிமகன் ஆக வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அங்கே போக ஆசை உண்டா என்பதை யாரும் கேட்பதில்லை, அது தனிக் கதை.

இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டையும் வாங்க முடியாதா?

முடியாது. அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் சொல்வது ஒன்றுதான்: தானே விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் போகும் என்று இல்லை.

‘ஜெர்மனி இரண்டையும் அனுமதிக்கிறதாமே’ என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் அது ஜெர்மனியின் தாராளம். இந்தியா விடாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் இதே பதில்.

எத்தனை வருஷம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்ந்தால் 3 வருஷம். அந்த 5 வருஷத்தில் குறைந்தது 30 மாதம் உடம்பு அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருஷத்தில் 1,095 நாள். பி.ஆர். கிடைப்பதற்கு முன் படிப்பு, வேலை விசாவில் இருந்த நாட்களை அரை நாளாகச் சேர்ப்பார்கள், அதுவும் 365 நாள் வரைதான். ஆஸ்திரேலியாவில் 4 வருஷம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், கடைசி 12 மாதம் பி.ஆர். ஆக. அந்த 4 வருஷத்தில் வெளியே இருந்தது மொத்தம் 12 மாதத்தையும், கடைசி வருஷத்தில் 90 நாளையும் தாண்டக் கூடாது.

பிரிட்டன் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்குப் பின் வழக்கமாக ஒரு வருஷம் கழிய வேண்டும், 5 வருஷத்தில் 450 நாளுக்கு மேல், கடைசி வருஷத்தில் 90 நாளுக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 வருஷத்துக்கு முன் அதே தேதியில் அந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தேதியில் தங்கச்சி கல்யாணத்துக்காக ஊரில் இருந்திருந்தால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது நல்லது.

சிங்கப்பூரில் 21 வயது நிரம்பி 2 வருஷம் பி.ஆர். ஆக இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். தகுதி வந்துவிட்டது என்பதற்காகக் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே இல்லை. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் சிங்கப்பூர் உறவு தலைமுறைக் கணக்கில் பழையது. அந்த வீடுகளில் இதை எனக்கே சொல்லித் தருவார்கள்.

துபாயில் இருபது வருஷமா இருக்கான். அங்கே கிடைக்காதா?

வளைகுடா நாடுகளில் எத்தனை வருஷம் இருந்தாலும் வேலைக்குப் போனவருக்கு நடைமுறையில் குடியுரிமைக்கென்று ஒரு வரிசை கிடையாது. ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் சட்டத்தைத் திருத்தி விஞ்ஞானிகள், மருத்துவர்கள், முதலீட்டாளர்கள் போன்றவர்களைப் பரிந்துரையின் பேரில் சேர்க்க வழி செய்தது. நாமாக விண்ணப்பம் போடும் வழி அல்ல அது. கோல்டன் விசா என்பது நீண்டகாலத் தங்கல் அனுமதி மட்டுமே. மேலப்பாளையத்தில் யாராவது ‘துபாய் குடியுரிமை வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேர்வு கஷ்டமா?

படித்தால் இல்லை. ஆஸ்திரேலியாவில் 20 கேள்வி, 75 சதவீதம் வேண்டும். அதில் அந்நாட்டு விழுமியங்கள் பற்றிய 5 கேள்விக்கும் சரியாகச் சொல்லியாக வேண்டும். கனடாவில் 20க்கு 15. பிரிட்டனில் 24க்கு 18. அமெரிக்காவில் 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை வாயால் கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிய நம்ம பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பயப்படுகிறவர்கள் அங்கே போய் செட்டிலான பெற்றோர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 50 வயது நிரம்பி கிரீன் கார்டில் 20 வருஷம் இருந்தவர்களுக்கும், 55 நிரம்பி 15 வருஷம் இருந்தவர்களுக்கும் அமெரிக்காவில் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே சொல்லலாம்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. என்ன செய்ய?

என் மேசையில் அதிகம் அடிபடும் கேள்வி இதுதான். சிங்கப்பூர் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் ஆன மகன் அம்மாவுக்கு மனுப் போடும்போது, அம்மா பெயர் இருக்கும் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சாதாரணமாகத் தேடாத காகிதம், ஒருநாள் திடீரென்று உயிர்நாடி ஆகிவிடும்.

முதலில் எங்கே தேடுவது? பலர் அப்பா ஊரில் தேடிவிட்டு ‘பதிவே இல்லை’ என்று வருகிறார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? பிள்ளை வளர்ந்தது வள்ளியூர், பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி வீடு. பதிவு எங்கே பிறந்ததோ அங்கேதான் இருக்கும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் மாநகராட்சி. கிராமத்துப் பழைய பதிவேடுகள் பல சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. பிறந்த தேதி தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள்.

பதிவேடு கிடைத்தாலும் கதை முடியாது. பழுப்பேறிய அந்தத் தாளில் தகப்பன் பெயர் இருக்கும், தாயார் பெயர் இருக்கும், ‘ஆண்’ என்று இருக்கும். பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடக்கும். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுப் பெயர் வைக்கும்வரை யார் காத்திருந்து பதிவு செய்தார்கள்? பெயர் சேர்க்கத் தனி மனு உண்டு. பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பெற்றோர் உறுதிமொழியோடு கொடுங்கள். பெற்றோர் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, தேதி. ஐம்பது அறுபது வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளியில் சேர்க்க வயது நிரம்ப வேண்டும் என்று வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதி அது. பாஸ்போர்ட் அந்தத் தேதியில் இருக்கும், பதிவேடு ஐப்பசியைக் காட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் போடும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு அதிகாரி கேட்ட பிறகு புதிதாகத் தேதி மாற்றினால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பதிவே இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்று சான்று வாங்கி, அதோடு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) தாமதப் பதிவுக்கு ஆணை கேட்க வேண்டும். நெல்லை மாவட்டத்துக்குத் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு அந்தப் பக்கத்தவர்கள் இங்கே வந்து வரிசையில் நின்று ஏமாந்து போக வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவு நல்ல துணை ஆவணம். ஊர் ஊராகப் பழைய புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சான்றிதழை வெளிநாட்டில் காட்ட அப்போஸ்டில் முத்திரை (காகிதம் அசல்தான் என்று அரசு தரும் சான்று) கேட்கலாம். இந்தியா 2005இல் அந்த முத்திரைக்கான ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முதலில் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை.

பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. ஒத்துக்கொள்வார்களா?

இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தில் தொடங்குவாரும் உண்டு, ‘இ’ எழுத்தில் தொடங்குவாரும் உண்டு. பேச்சிமுத்துவில் ஒரு ‘டி’ நுழையும், போகும். சுடலைமுத்து ஒரே சொல்லாக ஒரு காகிதத்தில், இரண்டாகப் பிளந்து இன்னொன்றில். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர்.

தலையெழுத்து இன்னொரு தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதும்போது அப்பா பெயர் மகனின் குடும்பப் பெயர் ஆகிறது. பேரனுக்கு மகன் பெயர் குடும்பப் பெயர் ஆகிறது. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். இதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் உறவை நிரூபிக்கும்போது கூடுதலாகக் காகிதம் கேட்பார்கள்.

அமெரிக்காவில் குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் சுருக்கமாக அழகாக ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இங்கே பட்டா, பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் கிடக்கும். பெயர் மாற்ற ஆணையின் நகல் இல்லாமல் பத்திரப் பதிவு அலுவலகத்துப் படியேறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பெயரை மாற்றாமல் இருப்பது உத்தமம்.

அந்த நாட்டுக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை என்ன செய்ய வேண்டும்?

அதில் இனிமேல் பயணம் செய்யக் கூடாது. செல்லுபடியாகும் தேதி இன்னும் 6 வருஷம் இருந்தாலும் கூடாது, அபராதம் உண்டு. அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில், பல இடங்களில் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனம் மூலமாக, ஒப்படைத்துக் குடியுரிமைத் துறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். ரத்து முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓ.சி.ஐ. (‘இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்’ என்ற அட்டை) கேட்கும்போது இந்திய வம்சாவளிக்கு அதுதான் சாட்சி.

சிங்கப்பூரில் வரிசை தலைகீழ். முதலில் கொள்கை அளவில் ஒப்புதல் கடிதம் வரும். இந்தியக் குடியுரிமையைத் துறந்த சான்றைக் காட்டிய பிறகுதான் அவர்கள் குடிமகனாக்குவார்கள்.

இங்கேதான் நாள் பார்க்க வேண்டும், ஜோசியரிடம் அல்ல. உறுதிமொழி, புதுப் பாஸ்போர்ட், துறப்புச் சான்றிதழ், ஓ.சி.ஐ. என்று ஒவ்வொன்றாக வந்து முடிய மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஊருக்கு வர விசா வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற குடும்பம் மாசியில் உறுதிமொழி எடுத்தால் திண்டாட்டம்தான். உத்திரம் கழிந்து ஊரிலிருந்து திரும்பிய பிறகு எடுத்துக்கொள்ளலாமே? அவசரம் என்றால் இ-விசா உண்டு. நம்மவர்கள் வந்து இறங்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அது செல்லும்.

ஓ.சி.ஐ. என்றால் பாதி இந்தியக் குடிமகன் மாதிரியா?

இல்லை. பெயரில் ‘குடிமகன்’ இருப்பதால் வரும் மயக்கம் அது. ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம், எவ்வளவு நாளும் தங்கலாம், போலீஸ் பதிவு வேண்டாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 275 டாலர். 20 வயதுக்கு முன் வாங்கியவர்கள் 20 நிரம்பிப் புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை அட்டையை மாற்ற வேண்டும்.

எங்க நிலம் என்ன ஆகும்?

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு கோட்டை விதைப்பாடு (கோட்டை என்பது நம்ம பக்கத்து அளவு) இருந்தாலும் சரி, ராதாபுரம் பக்கம் உடைமரம் மண்டிய புஞ்சை இருந்தாலும் சரி, முதலில் வரும் பயம் இது. பையன் குடியுரிமை மாறினால் அரசாங்கம் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஏற்கெனவே அவர் பெயரில் இருப்பது அவருடையதுதான். வாரிசு உரிமையும் போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வாரிசின் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்ப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது, தானமாகவும் பெறக் கூடாது. கவனியுங்கள்: குடியுரிமை மாறாமல் வெறும் என்.ஆர்.ஐ. ஆக இருந்தாலே இந்தத் தடை உண்டு. ஆனால் நம்ம ஊரில் அப்பாமார்கள் செய்வது என்ன? ‘நான் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்’ என்று மகன் விடுமுறைக்கு வந்த வாரத்தில் நஞ்சையைத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். பத்திரம் பதிவாகியும் விடும், யாரும் தடுக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து விற்கும்போதோ பணத்தை வெளியே அனுப்பும்போதோதான் வங்கியும் வக்கீலும் ‘இது எப்படி வந்தது’ என்று கேட்பார்கள்.

வழி உயில். இங்கே வசிக்கும் அப்பாவிடமிருந்து வாரிசாகவோ உயில் மூலமாகவோ விவசாய நிலம் வருவதற்குத் தடை இல்லை, ஓ.சி.ஐ. ஆனவருக்கும் சேர்த்துத்தான். டவுனில் உள்ள வீடு, மனை என்றால் அப்பா தாராளமாகத் தான செட்டில்மென்ட் எழுதலாம். வந்த விவசாய நிலத்தை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்க வேண்டும். விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான இந்திய வங்கிக் கணக்கு) வரும், வரி போக, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். நம்ம ஊர்ப் புஞ்சையை விற்று அந்த வரம்பை யாரும் தொட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? அப்படியானால் உறுதிமொழிக்கு முன், எல்லோரும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட்டில் இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பாகப்பிரிவினையை முடித்துவிடுங்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் நான்கு நாட்டுக் குடிமக்கள் ஆன பிறகு ஒரு சர்வே எண்ணைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வக்கீலுக்கு மட்டும்தான் அதில் சந்தோஷம்.

அங்கிருந்தே பவர் எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், அல்லது அந்நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் பெற வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். மச்சானுக்குப் பவர் கொடுக்கும்போது ‘விற்பது உட்பட’ என்ற வரியை யோசித்துச் சேர்க்கவும்.

பிள்ளைகள் கதி?

பெற்றோர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தால் 18 நிரம்பாத பிள்ளைகளின் இந்தியக் குடியுரிமையும் சேர்ந்து போய்விடும். பிள்ளை 18 நிரம்பி ஒரு வருஷத்துக்குள் அறிவித்தால் மீண்டும் பெறலாம் என்று 8ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தட்டியவரை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூர் என்றால் ஆண் பிள்ளைக்கு 2 வருஷம் தேசிய சேவை. இது குடியுரிமையோடு வருவதல்ல, அப்பா மூலம் பி.ஆர். ஆகும்போதே தொடங்கிவிடும். மகனை இங்கே மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஓ.சி.ஐ. பெறும் மாணவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கே போட்டியிட முடியும். அதற்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு அது பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓட்டு, ரேஷன் கார்டு, பான் கார்டு?

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க படிவம் 7. பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று வந்து ஓட்டுப் போட்டால் குற்றம். ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். பான் கார்டு அப்படியே இருக்கும், வெளிநாட்டில் வசிப்பவர் என்று நிலையை மட்டும் மாற்றுங்கள். வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்க வேண்டும், இது வெளிநாட்டில் குடியேறிய அன்றே செய்திருக்க வேண்டியது.

எங்க பக்கத்து முகாமில் இருக்கிற இலங்கைப் பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்காதா?

நம்ம பிள்ளைகள் வேறு நாட்டில் 5 வருஷத்தில் குடிமக்கள் ஆகும் கதையைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை ஒப்பந்தத்தின் பகுதியாகவே வந்தது. 1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம், உரிய ஆவணம் இல்லாமல் வந்தவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று வகைப்படுத்திப் பதிவு வழியை அடைத்துவிட்டது. 2019 திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் மட்டும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர்கள். முகாமில் பிறந்தவர்கள் அந்தத் தேதிக்கு முந்தையவர்களாக இருந்தால் பிறப்புச் சான்றிதழை எப்பாடு பட்டாவது தேடி எடுத்துவிட வேண்டும்.

ரிட்டயர் ஆகி ஊருக்கே வந்துவிட்டால் மறுபடியும் இந்தியக் குடிமகன் ஆக முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். 5 வருஷம் ஓ.சி.ஐ. ஆகப் பதிவாகி இருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால் 5(1)(ஜி) பிரிவின் கீழ் கேட்கலாம். விண்ணப்பம் ஆன்லைனில், விசாரணைக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், முடிவு டெல்லியில். வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டாக வேண்டும். மாமனார் மாமியாரைப் பார்க்க அங்கே போகவும் அப்புறம் விசா வரிசைதான். வெறுமனே இங்கே வந்து தங்கத்தான் ஆசை என்றால் ஓ.சி.ஐ. அட்டையே போதும். நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப் போகிறேன், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்பவர்கள் மட்டும் அந்தப் படிவத்தைக் கேளுங்கள், எடுத்துத் தருகிறேன்.